ஸயன்ஸ் பாடமும் பெற்றோர்கள் மனுவும்

(திருச்சிக்கு அடுத்த ஒரு கிராமத்தின் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கூடிய பெற்றோர் கூட்டத்தில் பேசியது.)



இன்றைய தினம் இக்கூட்டத்தில் பேசும்படி நம்மை அழைத்தவர்கள் இப்பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களல்ல. அவர்கள்மீது மனு எழுதி வைத்திருக்கிறவர்கள்தான் அழைத்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மனுவையும் நமக்குப் படித்துக் காட்டினார்கள். 42 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஸயன்ஸ் பாடத்தை உபாத்தியாயர் நின்று நடத்துவதில்லை, பிள்ளைகளிடம் அட்டைகளையும் டப்பாக்களையும் கொடுத்துவிட்டுச் சும்மா சுற்றி வருகிறார் என்பது முதல் குற்றச்சாட்டு. நோட்டில் கேள்வி பதில் எழுதிப் போடுவதில்லை, ஆகையால் வீட்டில் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை என்பது இரண்டாவது. ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு பாடத்திலும் மற்றொரு பிள்ளை வேறொரு பாடத்திலும் இருக்கிறது, யார் கெட்டிக்காரன் யார் மக்கு என்று தெரிவதில்லை என்பது மூன்றாவது. நான்காவதாக ஒன்றும் உண்டு. அது மனுவில் எழுதப்படவில்லை, பேச்சில்தான் வந்தது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

மனுக்காரர்கள் நம்மிடம் வந்த காரணம், நாம் ஊர் ஊராய் மேடையேறி ஸயன்ஸைப் பற்றிப் பேசுகிறவர் என்பதுதான். "ஐயா, நீங்க வந்து ஸயன்ஸை ஒழுங்கா நடத்துங்கன்னு சொன்னாக் கேப்பாங்க" என்றார்கள். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால், கண்ணால் பார்க்காத ஒரு விஷயத்தைக் கண்டித்துப் பேசுவதென்றால், இத்தனை நாள் மற்றவர்களைப் பார்த்து நாம் கேட்டுவந்த கேள்வியை நம்மையே கேட்கவேண்டி வந்துவிடும். ஆகையால் சென்ற வாரம் இரண்டு நாள் காலையில் ஐந்தாவது வகுப்பில் ஒரு மூலையில் பாயின்மேல் உட்கார்ந்து பார்த்தோம். பார்த்ததைச் சொல்லுகிறோம். அங்கே நமக்கு நேர்ந்த அவமானத்தையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

வகுப்பில் செருப்புப் பெட்டிகள் பதினைந்து இருபது அடுக்கி வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாடம். இங்கிலீஷில் இதை 'மாட்யூல்' என்கிறார்கள். நாம் பாடக் கட்டு என்று சொல்லுவோம். ஒரு கட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு பாட்டரிக் கட்டை, பழைய டார்ச் லைட்டின் சிறிய பல்பு ஒன்று, இரு முனையும் சுரண்டிய ஒரு சாண் ஒயர், ஆறு அட்டைகள். இவ்வளவுதான். முதல் அட்டையில், "இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பல்பை எரியவை. எரிந்தால் எப்படிப் பிடித்தாய் என்று படம் போடு. எரியாவிட்டாலும் அந்தப் படத்தைப் போடு" என்றிருக்கிறது. இரண்டாவது அட்டையில் எட்டுப் படங்கள். எது எரியும், எது எரியாது என்று முதலில் ஊகித்து எழுதவேண்டும். பிறகு ஒவ்வொன்றாய்ச் செய்து பார்த்து, ஊகத்துக்குப் பக்கத்தில் நடந்ததை எழுதவேண்டும். மூன்றாவது அட்டை, நடுவில் சாவி, காசு, காகிதம், பென்ஸிலின் கரிக்குச்சி, ரப்பர் வளையம் இவைகளை வைத்துப் பார்க்கச் சொல்லுகிறது. ஒயரின் இரு முனையையும் பாட்டரியின் இரு தலையிலும் நேராக வைத்துப் பிடித்தால் ஒயர் சுடும், வைக்காதே என்றும், வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்தால் உயிர் போகும், தொடாதே என்றும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. கடைசி அட்டை பரீட்சை அட்டை. அதைச் செய்து காட்டினால் சுவரில் உள்ள ஏணிப் படத்தில் அந்தப் பிள்ளையின் பெயர்ச்சீட்டு ஒரு படி ஏறுகிறது. செய்யமுடியாவிட்டால் அடியும் கிடையாது, திட்டும் கிடையாது. எந்த இடத்தில் தவறிற்றோ அந்த அட்டைக்குத் திரும்பிப் போகவேண்டியது.

தோழர்களே, இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாடம் அந்தப் பெட்டிக்குள்ளேயே தொடங்கி அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிகிறது. என்ன செய்யவேண்டும் என்பதும், அதற்கு வேண்டிய சாமானும், செய்தது சரியா என்று தானே பார்த்துக்கொள்ளும் வழியும் உள்ளேயே இருக்கின்றன. பல்பு எரிந்தால் சரி, எரியாவிட்டால் தப்பு. தீர்ப்புச் சொல்லுவது பல்பு. உபாத்தியாயர் முகத்தையோ, புத்தகத்தையோ, பக்கத்துப் பையன் சிலேட்டையோ பார்க்கவேண்டியதில்லை.

இதனால் என்ன பிரயோஜனம் என்பதற்கு நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லுகிறோம். நாம் பள்ளிக்கூடம் போனது ஏழாவது வகுப்பு வரையில்தான். அந்த வருஷம் அறுப்புக்காலத்தில் தகப்பனாருக்குக் காய்ச்சல். ஒரு மாதம் போல் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போன அன்று ஒளி என்ற பாடம் பாதியில் நடந்துகொண்டிருந்தது. லென்ஸ், குவியம் என்கிறார்கள்; ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து கேட்டோம். "வரும்போது வரவில்லை, இப்போது கேள்வி என்ன?" என்று பதில் வந்தது. வண்டி போய்விட்டது, நாம் மேடையில் நிற்கிறோம். அடுத்த மாதம் நாமே நின்றுவிட்டோம். ஊர்ப் புத்தகசாலையில் பழைய புத்தகங்களைப் புரட்டிக் கற்றுக்கொண்டதுதான் இன்றைக்கு நம்மிடம் இருக்கிற படிப்பெல்லாம். இந்த ஊரிலும் நடவுக்கும் அறுப்புக்கும் பிள்ளைகள் நின்றுகொள்ளுவது உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மை வார்த்தால் இருபது நாள் போகும். பாடக் கட்டு இருக்கும் வகுப்பில் அந்தப் பிள்ளை திரும்பி வந்து, தான் விட்ட படியில் கால் வைக்கிறது. ஒரே வகுப்பில் ஆளுக்கொரு பாடமாய் இருக்கிறதே என்பது உங்கள் மூன்றாவது குற்றச்சாட்டு. நமக்கு அப்படி ஒரு வகுப்பு கிடைத்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று வருஷமாவது படித்திருப்போம்.

நிற்க. ஸயன்ஸை நோட்டில் எழுதிப் போட்டு ஒப்பிக்க வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவில் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்லுகிறோம். அங்கே எம்.ஐ.டி. என்று ஒரு கலாசாலை. உலகத்தில் அதைவிடப் பெரிய எஞ்சினீரிங் படிப்பு இல்லை என்பார்கள். அங்கே பட்டம் வாங்கும் நாளில், கறுப்பு அங்கியோடு நின்றவர்களிடம் ஒரு பாட்டரி, ஒரு பல்பு, ஒரு துண்டு ஒயர் கொடுத்து, எரியவையுங்கள் என்றார்கள். இதே செருப்புப் பெட்டிச் சாமான்தான்! பலர் விழித்தார்கள். 1997இல் வந்த ஒரு படத்தில் இதைக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1987இல், ஹார்வர்டு கலாசாலைப் பட்டமளிப்பு நாளில் அதேபோல் இன்னொரு படம் எடுத்தார்கள். பருவங்கள் ஏன் மாறுகின்றன, சந்திரன் ஏன் தேய்ந்து வளர்கிறது என்ற மாதிரி எளிய கேள்விகள். கேட்ட 23 பேரில் 21 பேர் தவறாகச் சொன்னார்கள். கோடைகாலத்தில் பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறது, அதனால் வெயில் என்றே பலர் சொன்னார்கள். சொன்னதும் எவ்வளவு தைரியமாக! இவர்களெல்லாம் நோட்டு எழுதி, பரீட்சை எழுதி, முதல் வகுப்பில் தேறியவர்கள்.

இப்போது நம் அவமானத்துக்கு வருகிறோம். நாமும் பத்து வருஷமாக மேடைகளில் அப்படித்தான் சொல்லி வந்தோம். பஞ்சாங்கத்தைக் கண்டித்துப் பேசும்போது, "சித்திரையில் வெயில் அடிப்பது கிரகத்தின் கோபமல்ல, பூமி சூரியனுக்கு அருகில் போவதுதான்" என்று சொல்லுவோம், ஜனங்களும் கைதட்டுவார்கள். சென்ற வாரம் இந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, பெரிய மனிதர் வந்திருக்கிறாரே, நாலு வார்த்தை சொல்லட்டும் என்று உபாத்தியாயர் கேட்டுக்கொண்டார். அதையே எடுத்துவிட்டோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்தாள். பத்து வயதிருக்கும். "ஐயா, கிட்ட வந்தா வெயில் ஜாஸ்தியாகும், சரி. நெழல் எதுக்கு அந்தப் பக்கம் போவுது?" என்றாள்.

நமக்கு விளங்கவில்லை. அவள் சுவரைக் காட்டினாள். இந்த வகுப்பில் நிழல் கட்டு என்று ஒன்று இருக்கிறது. கட்டு என்றால் ஒரு 12 அங்குலக் குச்சி, ஒரு நூல், ஓர் அடிக்கோல், நாலு அட்டை. மாதம் ஒரு நாள் முற்றத்தில் குச்சியை நட்டு, நடுப்பகலில் நிழல் எப்போது மிகவும் சிறுத்திருக்கிறதோ அப்போது அளந்து சுவர்க் காகிதத்தில் கோடு போட்டு வைக்கவேண்டும். போன வருஷத்துப் பிள்ளைகள் போட்டதும் இருக்கிறது. ஜூன் மாதக் கோடு இரண்டே முக்கால் அங்குலம், தெற்குப் பக்கம் விழுந்திருக்கிறது. டிசம்பர் மாதக் கோடு எட்டு அங்குலம், வடக்குப் பக்கம். ஏப்ரல் மாதம் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் புள்ளி மட்டும் வைத்து, "நிழல் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். ஆகஸ்டு கடைசி வாரத்திலும் அப்படியே ஒரு புள்ளி. பூமி கிட்டே போய் எட்டி வருவதுதான் காரணமென்றால் நிழல் ஏன் தெற்கிலிருந்து வடக்கே தாண்டவேண்டும்? அந்தச் சிறுமிக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. புத்தகங்களை எடுத்து மறுபடி பார்த்தோம். பூமி சூரியனுக்கு மிகவும் அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் போர்வைக்குள் இருக்கும் மார்கழியில்! பூமி சாய்ந்தபடி சுற்றுவதால் வெயில் சில மாதம் நேராகவும் சில மாதம் சரிவாகவும் விழுகிறது. பருவம் மாறுவது அதனால்தான். இதை நாம் படித்திருந்தோம் என்றே நினைக்கிறோம். ஆனாலும் யாரோ சொன்ன தப்பு வாக்கியந்தான் வாயில் நின்றது. அது பஞ்சாங்கத்தை எதிர்க்கிற வாக்கியமாயிருந்தபடியால் அதைச் சோதிக்கவேண்டுமென்று தோன்றவே இல்லை.

தோழர்களே, இதை நன்றாய் யோசித்துப் பாருங்கள். பூமியை ஒரு பாம்பு தாங்குகிறதென்று மனப்பாடம் செய்த பிள்ளையும், பூமி உருண்டை என்று மனப்பாடம் செய்த பிள்ளையும் செய்த வேலை ஒன்றுதான்; இரண்டு பேரும் பெரியவர்கள் சொன்னதை நம்பியிருக்கிறார்கள். இரண்டாவது பிள்ளைக்குக் கிடைத்த வாக்கியம் உண்மையான வாக்கியம், அவ்வளவுதான். நாளைக்கே வேறொருவன் கணீரென்று வேறு வாக்கியத்தைச் சொன்னால் அதையும் நம்பும். மந்திரத்தை ஸயன்ஸ் புத்தகத்தில் அச்சிட்டால் அது மந்திரமாகவே இருக்கும். நாம் பத்து வருஷம் ஓதினோமே, அதுபோல.

அதற்காக எல்லாவற்றையும் பிள்ளையே கண்டுபிடித்துவிடும் என்று சொல்லுவது வெறும் பேச்சு. கிருமியைப் பற்றிச் செருப்புப் பெட்டியில் கண்டுபிடிக்க முடியாது. பூமி சாய்ந்திருக்கிறதென்பதை அந்தச் சிறுமி குச்சியை மட்டும் வைத்துக்கொண்டு அறியமாட்டாள். யாராவது சொல்லத்தான் வேண்டும். வாய்ப்பாட்டை மனப்பாடந்தான் செய்யவேண்டும். ஆனால் சொல்லுகிறவர் சொல்லும்போது, "நிழல் எதுக்கு அந்தப் பக்கம் போவுது?" என்று எழுந்து கேட்கக்கூடிய பிள்ளையிடம் சொல்லுவது வேறு, கைகட்டிக் கேட்கிற பிள்ளையிடம் சொல்லுவது வேறு.

இந்தக் கட்டுகள் இந்த ஊர் உபாத்தியாயர் தலையில் உதித்த விளையாட்டு என்று நீங்கள் எண்ணவேண்டாம். 1957இல் ருஷியர்கள் ஸ்புட்னிக்கை ஆகாயத்தில் ஏவியபின் அமெரிக்கர்களுக்குத் திகில் பிடித்துக்கொண்டது. நம் பிள்ளைகளுக்கு ஸயன்ஸ் தெரியவில்லையே என்று சர்க்கார் பணத்தைக் கொட்டிற்று. அப்போது 1960இல் மாஸசூசெட்ஸில் ஆரம்பப் பள்ளிகளுக்காக ஒரு வேலை தொடங்கினார்கள். அதில் தலைமை வகித்தவர்களில் டேவிட் ஹாக்கின்ஸ், பிலிப் மாரிஸன் இருவரும் முன்னால் அணுகுண்டு செய்த லாஸ் அலமாஸில் இருந்தவர்கள். 1945இல் முதல் அணுகுண்டைப் பாலைவனத்தில் சோதித்தபோது அதன் உட்கருவை மோட்டார் காரில் பின் ஸீட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனவர் இந்த மாரிஸன். அப்பேர்ப்பட்டவர் பிற்பாடு சின்னப் பிள்ளைகளுக்கு விதையும் பல்பும் கொடுத்து என்ன கேள்வி கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்! 50க்கு மேற்பட்ட கட்டுகளை அவர்கள் செய்தார்கள். விதை முளைப்பது, ஐஸ் உருகுவது, மாவுப்புழு, பாட்டரியும் பல்பும் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. எதை முதலில் எடுத்தாலும் நடத்தலாம். உங்கள் பெட்டியில் இருக்கிற பாட்டரியும் பல்பும் அந்த வம்சந்தான்.

நம் தேசத்திலும் நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்று ஒரு ஜில்லா. 2022இல் நர்மதாபுரம் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். அங்கே 1972இல் 16 கிராமப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஸயன்ஸைச் செய்து பார்த்தே கற்பது என்று தொடங்கி, 1978இல் ஜில்லா முழுவதும் பரப்பினார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதலாம். செய்முறையும் செய்து காட்டவேண்டும். பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கார்டில் எழுதிப் போட 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதரையே உண்டாக்கி, அவர் பேரால் பதில் எழுதினார்கள். அரவிந்த் குப்தா என்ற எஞ்சினீர் 1978இல் அங்கே போய்த்தான் தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வைத்துக்கொண்டு முக்கோணம், பட்டைக் கூம்பு என்று பிள்ளைகள் கையாலேயே செய்யக் கற்றுக்கொடுத்தார். 1982இல் இந்த வேலையை நடத்த ஏகலவ்யா என்று ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. (குருவில்லாமல் கற்றவனுக்குக் கட்டைவிரல் போன கதை அது. பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருப்பார்கள்.) வளர்ந்து வளர்ந்து சுமார் 1,000 பள்ளிகளுக்குப் போயிற்று. 2002இல் அந்த மாகாணத்துச் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. 30 வருஷத்து வேலை நின்றது. மற்ற ஜில்லாக்களில் இருந்த பாடப்புத்தகமே அங்கும் வந்து உட்கார்ந்தது.

நம் பக்கத்து அட்டைக்கு மூலம் ஆந்திராவில் மதனபள்ளிக்கு அருகில் ரிஷி வாலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய இடம். அவருடைய தத்துவத்துக்கும் நமக்கும் தூரம். ஆனால் அங்கே பத்மநாப ராவ், ரமா ராவ் தம்பதிகள், ஒரே உபாத்தியாயர் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு திண்டாடும் குக்கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகளையும் ஏணியையும் செய்து, 'பெட்டிக்குள் ஒரு பள்ளிக்கூடம்' என்று கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் 2003இல் சென்னை மாநகராட்சி கமிஷனராயிருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கினார். 2007இல் மாகாணம் முழுவதும் 37,000க்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் போயிற்று. உங்களில் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சிலர் அந்த அட்டையில் படித்தவர்களாகவே இருப்பீர்கள். பிறகு முறையைச் சுருக்கினார்கள், மாற்றினார்கள். 2022 முதல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்று வேறு திட்டம் வந்தது.

இங்கே உபாத்தியாயர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. மனுவுக்கு மறுப்பாக மட்டும் நம் பேச்சை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடக்கூடாது. நாம் வேறொரு ஊரில் ஒரு பள்ளிக்கூடம் பார்த்தோம். பெட்டிகள் பீரோவில், பீரோ பூட்டில், சாவி யாரிடமென்று யாருக்கும் தெரியாது. தணிக்கைக்கு ஆள் வந்தால் எண்ணிக்கை குறையக்கூடாதாம்! அட்டைகள் மட்டும் வகுப்பில் இருந்தன. அவற்றிலும் "மின்சாரம் ______ வழியாகப் பாயும்" என்று கோடிட்ட இடம். பிள்ளை பக்கத்தில் பார்த்து ஒரு வார்த்தையை எழுதிவிட்டு ஏணியில் ஒரு படி ஏறிற்று. எட்டுப் படி ஏறிய ஒரு பையனுக்கு நாமே சட்டைப் பையிலிருந்து பல்பும் ஒயரும் எடுத்துக் கொடுத்தோம். அவனுக்கு எரியவைக்கத் தெரியவில்லை. நோட்டிலிருந்த மந்திரத்தை அட்டையில் எழுதி வைத்ததற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பாட்டரிக் கட்டை தீர்ந்துபோகும். வாங்குவது யார்? ஒரு கட்டை ஒரு டீ விலை. இப்போது வரும் டார்ச்சில் எல்லாம் எல்.ஈ.டி.; அது ஒரு கட்டையில் எரியாது, திருப்பிப் பிடித்தாலும் எரியாது. பிள்ளை தன்மீதே தப்பு என்று நினைத்துக்கொள்ளும். பழைய இழை பல்பைத் தேடி வாங்கவேண்டும். இதெல்லாம் சின்னச் சங்கதி என்று நினைக்கிற பள்ளிக்கூடத்தில் இந்த முறை ஆறு மாதம்கூட நிற்காது.

"சும்மா சுற்றி வருகிறார்" என்கிறீர்களே, அந்த உபாத்தியாயர் கையில் ஒரு சிறு நோட்டு இருக்கிறது, கேட்டு வாங்கிப் பாருங்கள். 31 பிள்ளைகளும் எந்தக் கட்டில் எந்த அட்டையில் இருக்கிறார்கள், யார் இரண்டு நாளாய் ஒரே அட்டையில் நிற்கிறார்கள், யாரிடம் நாளைக்கு என்ன கேட்கவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் அவர் போனார். டம்ளருக்குள் கசக்கித் திணித்த காகிதம் நனையவில்லை. பையன், "உள்ள ஒண்ணும் இல்ல, அதான்" என்றான். "ஒண்ணும் இல்லன்னா தண்ணி உள்ள போகணுமே தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். பையன் டம்ளரைக் கொஞ்சம் சாய்த்தான், குமிழி வந்தது. பத்து நிமிஷம் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசுவது இதைவிடச் சுலபம் என்று, மேடையிலேயே பிழைக்கிற நமக்குத் தெரியும்.

இனி அந்த நான்காவது சங்கதி. நம்மிடம் சென்ற வாரம் நிழல் கேள்வி கேட்ட சிறுமியைப் பற்றித்தான் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டோம். காலனித் தெருப் பிள்ளை. பாட்டரிக் கட்டில் இரண்டு படி முன்னால் போய்விட்டது. அந்த வகுப்பில் முன்னால் போன பிள்ளை, பின்னால் வரும் பிள்ளைக்கு உதவி செய்யவேண்டுமென்று ஏற்பாடு. பெரிய தெருப் பையன் ஒருவனுக்கு அவள் பல்பைப் பிடிக்கக் காட்டினாள். பையன் வீட்டில் போய்ச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான். மறுநாள் தகப்பனார் வந்து, "எங்க பையன் அந்தத் தெருப் புள்ளகிட்டப் பாடம் கேக்கணுமா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு பத்து நாளில் இந்த மனு எழுதப்பட்டது. கையெழுத்துப் போட்ட 42 பேருக்கும் இது தெரியும் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலோர் பிள்ளையின் படிப்பு கெட்டுப்போகுமே என்ற பயத்தில்தான் போட்டிருக்கிறார்கள். காலனித் தெருக்காரர்களும் 11 பேர் போட்டிருக்கிறார்கள்! ஆனால் மனுவின்படி நடந்தால் என்ன ஆகும் என்று அந்தப் 11 பேரும் கணக்குப் பார்க்கட்டும். பெட்டிகள் பரண்மேல் ஏறும். பிள்ளைகள் முன் வரிசை, பின் வரிசை என்று மறுபடி உட்காருவார்கள். யார் எங்கே உட்காருவார்கள் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. அந்தச் சிறுமி எழுந்து கேட்பதற்கும் அங்கே இடமிராது. அந்தத் தகப்பனாருக்கு நாம் சொல்லுவது, அவளிடம் பாடம் கேட்டவர்களில் இந்த மேடையில் நிற்கிறவரும் ஒருவர். நமக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பத்து வருஷத்துத் தப்பு ஒன்று தீர்ந்தது.

பரீட்சை என்று ஒன்று இருக்கிறதே, மேல் வகுப்பில் எழுதித் தேறவேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரீட்சை மனப்பாடத்தைக் கேட்கிறவரையில் ஓரளவு எழுதிப் பழகத்தான் வேண்டும். ஒவ்வொரு கட்டும் முடிந்தபின், செய்ததைத் தன் வார்த்தையில் பத்து வரி எழுதி, வீட்டில் தாயாருக்கோ தகப்பனாருக்கோ படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்று உபாத்தியாயர் வைத்துக்கொள்ளலாம். அவரிடம் பேசினோம், ஒப்புக்கொண்டார். உங்களுக்கும் வீட்டில் பார்க்க ஒரு நோட்டு கிடைக்கும். பாட்டரிக் கட்டைக்கும் பல்புக்கும் மாதம் ஆகிற செலவை ஊரார் ஏற்றுக்கொள்ளுவதென்றும், ஒவ்வொரு சனிக்கிழமையும் பெற்றோரில் இருவர் வகுப்பில் வந்து பாயில் உட்கார்ந்து பார்ப்பதென்றும் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். மனுவைக் கிழிக்கச் சொல்லவில்லை. அது தலைவரிடமே இருக்கட்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு, அப்போதும் அனுப்பவேண்டுமென்று உங்களுக்குப் பட்டால் அனுப்புங்கள். நாம் குறுக்கே நிற்கமாட்டோம்.

தீர்மானத்தை ஓட்டுக்கு விடுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. இந்த மேஜையின்மேல் ஆறு பாட்டரிக் கட்டையும் ஆறு பல்பும் ஆறு துண்டு ஒயரும் வைத்திருக்கிறோம். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆறு ஆறு பேராய் முன்னால் வாருங்கள். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் முதலில் வரட்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம். வாசலில் நிற்கிற பிள்ளைகள் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது.